ஓவர்எக்ஸ்போஷர்: அளவு எங்கே மீறுகிறது?

வானம் வெறும் வெள்ளையாகிப்போன புகைப்படத்தைப் பார்த்து ‘ஓவர்எக்ஸ்போஷர்’ என்கிறோம். வெயிலில் நெடுநேரம் நின்று தோல் சிவந்தவரைப் பற்றியும், ஒரே ஆண்டில் மூன்றாவது சிடி ஸ்கேன் எடுக்கத் தயங்கும் நோயாளியைப் பற்றியும், எந்தப் பக்கம் திரும்பினாலும் விளம்பரத்தில் தென்படும் நடிகரைப் பற்றியும், ஒரே நிறுவனத்துக்குக் கடனை அள்ளிக் கொடுத்துவிட்ட வங்கியைப் பற்றியும் பேசும்போதும் இதே சொல்தான் வருகிறது. இத்தனை இடங்களில் புழங்கும் சொல்லின் பொருள் தேய்ந்துபோவது இயல்பே. ‘ஏதோ ஒன்று அதிகமாகிவிட்டது’ என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது.

குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ‘அதிகம்’ என்றவுடன் நம் கவனம் ஒளியின் பக்கமும் கதிர்வீச்சின் பக்கமும், அதாவது வந்து சேர்வதன் பக்கம், போய்விடுகிறது. ஆனால் இந்தச் சொல்லில் உள்ள ‘ஓவர்’ அளக்கப்படுவது வாங்கிக்கொள்வதன் பக்கத்தில். எது வாங்குகிறது, அதனால் எவ்வளவு கொள்ள முடியும் என்று தெரியாதவரை, ஓவர்எக்ஸ்போஷர் நடந்ததா இல்லையா என்று சொல்வதற்கு வழியே இல்லை. புகைப்படக் கருவிக்குள் இது எண்களாகவே கண்ணுக்குத் தெரியும் என்பதால் அங்கிருந்து தொடங்கி, உடலுக்கும் பிறகு புகழுக்கும் பணத்துக்கும் செல்வோம்.

## வலுவும் நேரமும்

கொட்டும் மழையில் ஒரு நாழியை, அதாவது பழைய அளவைப் பாத்திரத்தை, வைத்திருப்பதாக எண்ணிக்கொள்வோம். அதில் சேரும் நீர் இரண்டைப் பொறுத்தது: மழை எவ்வளவு வலுவாகப் பெய்கிறது, நாழி எவ்வளவு நேரம் மழையில் இருக்கிறது. பெருமழையில் சற்று நேரம் வைத்தாலும் தூறலில் நெடுநேரம் வைத்தாலும் ஒரே அளவு நீர் சேரக்கூடும். இப்படி, வந்து விழுவதன் வலுவையும் அது விழுந்த நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும் தொகைக்கே எக்ஸ்போஷர் என்று பெயர்.

இனி, நாழி நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நாழி நானாழி முகவாது. மேற்கொண்டு பெய்வது விளிம்பில் வழிந்து போகும். பிறகு வந்து பார்ப்பவருக்கு நாழி நிறைந்திருப்பது மட்டுமே தெரியும். நீர் விளிம்பைத் தொட்டதோடு மழை விட்டதா, அதன் பிறகும் இரவு முழுக்கப் பெய்ததா என்பதை அந்த நாழியைக் கொண்டு கண்டுபிடிக்க முடியாது. வாங்கும் பொருள் தன் கொள்ளளவைத் தாண்டியதால், அதற்கு மேல் வந்ததைப் பற்றி எதையும் சொல்ல முடியாமல் நிற்கும் நிலைதான் ஓவர்எக்ஸ்போஷர்.

வலுவும் நேரமும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கும் என்பதை ஒளியால் நிகழும் வேதிவினைகளை ஆராய்ந்த ராபர்ட் புன்சனும் ஹென்றி ராஸ்கோவும் 1862-இல் விதியாகவே வகுத்தார்கள். ஒளியின் வலு இரட்டித்தால் நேரத்தைப் பாதியாக்கலாம், விளைவு மாறாது என்பதே புன்சன்–ராஸ்கோ விதி. இந்த விதி எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தாமல் போகிறது என்பது பின்னால் நமக்குத் தேவைப்படும்.

## சென்சாருக்குள் நடப்பது

டிஜிட்டல் கேமராவின் சென்சார் ஒரு சிலிக்கான் தகடு. அதன் பரப்பில் இலட்சக்கணக்கான, இன்றைய கருவிகளில் கோடிக்கணக்கான, நுண்ணிய கட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். ஃபோட்டான் எனப்படும் ஒளித்துகள் சிலிக்கானில் பட்டு உட்கவரப்படும்போது ஓர் எலெக்ட்ரானை விடுவிக்கிறது. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் இப்படி விடுபடும் எலெக்ட்ரான்கள் அந்தப் பிக்சலுக்குள்ளேயே சேர்த்து வைக்கப்படுகின்றன. ஷட்டர் மூடியபின் ஒவ்வொரு பிக்சலிலும் எவ்வளவு மின்னூட்டம் சேர்ந்தது என்று கருவி அளந்து, அதை ஓர் எண்ணாக மாற்றுகிறது. நாம் பார்க்கும் படம் அந்த எண்களின் வரிசைதான்.

ஒரு பிக்சல் எத்தனை எலெக்ட்ரான்களை வைத்திருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. பெரிய சென்சார் கொண்ட கேமராக்களில் அது பல பத்தாயிரங்கள். கைப்பேசியின் சின்னஞ்சிறு பிக்சல்களில் அதைவிட மிகக் குறைவு. வரம்பு எட்டியபின் வரும் ஒளித்துகள்களால் அந்தப் பிக்சலின் கணக்கில் எதுவும் ஏறாது. சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகளே உள்ளன. 0 என்றால் முழுக்கருப்பு, 255 என்றால் அந்த நிறத்தின் உச்சம். பிக்சல் நிரம்பிவிட்டால் எண் 255-இல் முட்டி நின்றுவிடும். இப்படி முட்டி நிற்பதைப் படக்கலைஞர்கள் கிளிப்பிங் என்கிறார்கள்.

வெயில் படும் ஒரு வெள்ளைச் சட்டையைப் படம் எடுத்ததாகக் கொள்வோம். சரியான எக்ஸ்போஷரில் அதன் மடிப்புகள் 215, 228, 240 என்று சற்றே வேறுபட்ட எண்களாகப் பதிவாகும். அந்தச் சிறு வேறுபாடுதான் அது துணி என்று நம் கண்ணுக்குச் சொல்கிறது. எக்ஸ்போஷர் கூடிக்கொண்டே போனால் முதலில் 240 போய் 255-ஐ முட்டும், பிறகு 228, அதன்பின் 215. கடைசியில் சட்டை முழுவதும் 255, 255, 255 என்று ஒரே எண்ணாகிவிடும். மடிப்பு இல்லை, நூல் இல்லை, பொத்தானின் விளிம்பும் இல்லை. மனித உருவத்தில் வெட்டிய வெள்ளைத் தாளை ஒட்டியதுபோல அந்த இடம் இருக்கும்.

படம் திருத்தும் மென்பொருளில் ஒளியைக் குறைக்கும் பட்டியை இழுத்தால் என்ன ஆகும்? எல்லா 255-உம் ஒன்றாக 200 ஆகும். வெள்ளைத் திட்டு சாம்பல் திட்டாக மாறுமே தவிர, மடிப்புகள் திரும்பி வரமாட்டா. வேறுபாடு பதிவாகவே இல்லை என்னும்போது அதை மீட்டெடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் சில அந்த இடத்தில் நம்பத்தகுந்த மடிப்புகளை வரைந்து கொடுக்கும். அவை அந்தச் சட்டையில் இருந்த மடிப்புகள் என்று எண்ணிக்கொள்வது பிழை.

நிறத்துக்கு வரும்போது இன்னொரு நுட்பம் உண்டு, இது பலர் கவனிக்காதது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் தனித்தனியே அளக்கப்படுவதால் மூன்றும் ஒரே சமயத்தில் நிரம்பவேண்டியதில்லை. ஆழ்சிவப்பு ரோஜாவைப் படமெடுக்கும்போது சிவப்பு மட்டும் முதலில் முட்டிக்கொள்ளும். பச்சையும் நீலமும் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். இதழ்களின் நரம்போட்டம் மறைந்து, பூ முழுதும் சிவப்புச் சாயத்தைக் கொட்டியதுபோல ஆகிவிடும். அந்திச் சூரியனைச் சுற்றி இயற்கையில் இல்லாத ஒரு மஞ்சள் வளையம் படங்களில் தோன்றுவதற்கும் இதுவே காரணம்: ஆரஞ்சு நிறத்தில் சிவப்பு நிரம்பி நின்றபின் பச்சை மட்டும் ஏறினால் மஞ்சள்தான் வரும். படம் வெள்ளையடிக்காமலே ஓவர்எக்ஸ்போஷர் நிகழலாம் என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

இதுவரை பார்த்ததை ஒரு வரியில் சொன்னால், பிக்சல் நிரம்பும், எண் உச்சத்தில் முட்டும், வேறுபாடு அழியும். அழிந்தது வெளிச்சம் அன்று, தகவல்.

## வெளிச்சமான படத்தைக் குற்றஞ்சொல்லவேண்டாம்

மிகப் பரவலான தவறு, பளிச்சென்று இருக்கும் படத்தை எல்லாம் ஓவர்எக்ஸ்போஷர் என்பது. பனிவெளியில் எடுத்த படம் வெளிச்சமாக இருப்பதுதான் முறை, ஏனெனில் பனி வெளிச்சமானது. அந்தப் படத்தின் எண்கள் பெரும்பாலும் 230-க்கும் 250-க்கும் இடையில் இருந்து, பனித்துகளின் மேடுபள்ளம் தெரிந்தால், அது சரியான எக்ஸ்போஷர். மாறாக, இருட்டான அறையில் ஒற்றை விளக்கோடு எடுத்த படம் மொத்தத்தில் கருமையாக இருந்தாலும், அந்த விளக்கின் இடம் மட்டும் 255-இல் முட்டியிருக்கலாம். அப்போது ஒரே படத்தில் ஓரிடம் ஓவர்எக்ஸ்போஷர், மற்ற இடம் அதற்கு நேரெதிர். ‘படம் ஓவர்’ என்று மொத்தமாகச் சொல்வதைவிட ‘இந்த இடம் ஓவர்’ என்று சொல்வதே துல்லியம். கைப்பேசித் திரையின் ஒளியை முழுதாகக் கூட்டிவைத்துக்கொண்டு படத்தைக் குறைசொல்பவர்களும் உண்டு. அவர்களுடைய கண்தான் அங்கே ஓவர்எக்ஸ்போஷர் ஆகிறது.

கேமராவின் தானியங்கி ஒளிமானியும் இதே தவற்றைத் தன் போக்கில் செய்கிறது. தன் முன்னால் இருப்பது எதுவானாலும் அதன் சராசரி நடுத்தரச் சாம்பல் நிறம் என்ற அனுமானத்தில்தான் அடிப்படை ஒளிமானி இயங்குகிறது. ஆகவே பனியைக் காட்டினால் அதைச் சாம்பலாக இருட்டாக்கும்; கருப்புப் பூனையைக் காட்டினால் அதையும் சாம்பலாக வெளுக்கும். பூனையின் பின்னணியில் ஒரு வெள்ளைச் சுவர் இருந்தால் அது அப்போதே கிளிப்பிங் ஆகியிருக்கும். இன்றைய கருவிகள் முகங்களையும் காட்சிகளையும் அடையாளங்கண்டு இந்த அனுமானத்தைத் திருத்திக்கொள்கின்றன என்றாலும் அடிப்படை அதுதான்.

கண்ணை நம்பாமல் எண்ணைப் பார்க்கவேண்டும் என்றால் அதற்கென்று இருப்பது ஹிஸ்டோகிராம். இடது ஓரத்தில் 0, வலது ஓரத்தில் 255 என்று வைத்து, எந்த எண்ணில் எத்தனை பிக்சல்கள் உள்ளன என்பதை மேடுபள்ளமாகக் காட்டும் வரைபடம் அது. மேடு வலப்பக்கம் சாய்ந்திருந்தால் படம் வெளிச்சமானது என்று மட்டுமே பொருள். மேடு வலது ஓரத்தில் சுவரில் மோதியதுபோல வெட்டுண்டு நின்றால்தான் கிளிப்பிங். ஒரு சிறு எச்சரிக்கை: பெரும்பாலான கேமராக்கள் காட்டும் ஹிஸ்டோகிராம் ஜேபெக் முன்னோட்டத்தைக் கொண்டு வரையப்படுகிறது. சென்சாரின் அளவீடுகளை 4096 அல்லது 16384 படிகளில் அப்படியே சேமிக்கும் ரா கோப்பில் அதைவிடச் சற்றுக் கூடுதலான தகவல் தப்பியிருக்கக்கூடும். முன்னோட்டத்தில் வெள்ளையாகத் தெரிந்த மேகம் ரா கோப்பிலிருந்து எழுந்துவருவது இதனால்தான்.

எக்ஸ்போஷரைக் கூட்டிக்குறைக்க மூன்று திருகுகள் இருப்பதாகத் தொடக்கநிலை வகுப்புகளில் சொல்லித்தருவார்கள்: ஷட்டர், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ. ஷட்டர் நேரத்தை ஆள்கிறது. அபெர்ச்சர் என்னும் லென்ஸ் துளை வலுவை ஆள்கிறது. ஷட்டரை ஒரு நொடியில் 125-இல் ஒரு பங்கிலிருந்து 60-இல் ஒரு பங்காக மாற்றினால் ஒளி ஏறக்குறைய இரட்டிக்கும். துளையை எஃப்/8-இலிருந்து எஃப்/5.6-ஆகத் திறந்தாலும் (எண் குறைந்தால் துளை பெரிது) அதே இரட்டிப்புத்தான். இந்த ஒவ்வோர் இரட்டிப்பும் ஒரு ஸ்டாப். ஐஎஸ்ஓ இந்த வரிசையில் சேராது. அது சென்சாருக்குள் ஒரு துளி ஒளியைக்கூட அதிகமாகக் கொண்டுவருவதில்லை. சேர்ந்ததைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆனால் அளவுக்குமேல் பெருக்கினால், பிக்சல் பாதிகூட நிரம்பாத நிலையிலும் எண் 255-இல் முட்டிவிடும். இருட்டில் எடுத்த படத்தில் தெருவிளக்குகள் வெடித்துத் தெரிவதற்கு ஐஎஸ்ஓவைக் கண்மூடித்தனமாக ஏற்றுவதும் ஒரு காரணம்.

## பிலிம் ஏன் வேறுவிதமாக நடந்துகொண்டது

பிலிமில் படமெடுத்துப் பழகியவர்கள் ‘கொஞ்சம் ஓவராக எடு, பரவாயில்லை’ என்பார்கள். டிஜிட்டலில் பழகியவர்கள் ‘கொஞ்சம் அண்டராக எடு, வெளிச்சத்தைக் காப்பாற்று’ என்பார்கள். இரண்டும் அவரவர் கருவிக்குச் சரி.

பிலிமில் ஒளியை வாங்குபவை வெள்ளி ஹாலைடு படிகங்கள். ஒரு படிகம் சில ஒளித்துகள்களை வாங்கியதும் டெவலப் ஆகத் தகுதி பெற்றுவிடுகிறது. டெவலப்பர் என்னும் வேதிக்கரைசலில் இட்டால் கருத்த வெள்ளியாகிறது. படிகங்கள் பல அளவுகளில் கலந்திருப்பதால், பெரியவை எளிதில் தகுதி பெறும், சிறியவற்றுக்கு அதிக ஒளி தேவைப்படும். எனவே நிரம்புதல் ஒரே கணத்தில் நிகழ்வதில்லை. மீதமுள்ள படிகங்கள் குறையக் குறைய விளைவு மெல்ல மந்தமாகிறது. ஃபெர்டினான்ட் ஹர்ட்டரும் வெரோ டிரிஃபீல்டும் 1890-இல் இதை ஒரு வளைகோடாக வரைந்து காட்டினார்கள்: அடியில் மெதுவாகத் தொடங்கி, நடுவில் நேராக ஏறி, மேலே தோள்போல வளைந்து சமமாகும் கோடு. சென்சாருக்கு அந்தத் தோள் கிடையாது. கடைசிவரை நேராக ஏறி, உச்சியில் சட்டென்று வெட்டுப்படும். நெகடிவ் பிலிமின் வெள்ளைகள் மென்மையாக மங்குவதும், டிஜிட்டலின் வெள்ளைகள் கத்தரித்ததுபோல இருப்பதும் இந்த வேறுபாட்டால்தான்.

பிலிமில் இன்னொரு விந்தையும் உண்டு. எக்ஸ்போஷரை மிக மிக அதிகமாக்கினால் சில பிலிம்களில் கருமை ஏறுவதற்குப் பதிலாகக் குறையத் தொடங்கும். அதிலிருந்து எடுக்கும் படத்தில் சூரியன் கருப்பு வட்டமாகத் தெரியும். இதற்குச் சோலரைசேஷன் என்று பெயர். மங்கிய ஒளியில் நெடுநேரம் திறந்துவைக்கும்போதும் புன்சன்–ராஸ்கோ விதி பிலிமிடம் தோற்றுப்போகிறது: நேரத்தை இரட்டித்தாலும் விளைவு இரட்டிப்பதில்லை. விண்மீன்களைப் படம்பிடித்து ஆராய்ந்த கார்ல் ஸ்வார்ட்ஸ்சைல்ட் இந்தத் தோல்வியை 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அளந்து சூத்திரமாக்கினார். ஒரே ஒளி, ஒரே நேரம், ஆயினும் வாங்கும் பொருள் மாறினால் கணக்கு மாறிவிடுகிறது.

## கதிர்வீச்சில் இச்சொல்லின் பொருள்

பிலிமிலிருந்து கதிர்வீச்சுக்குப் போவது பெரிய தாவல் அன்று. 1896-இல் ஆன்றி பெக்கரல் கருப்புத்தாளில் சுற்றிவைத்த புகைப்படத் தட்டு யுரேனிய உப்பால் கருத்திருப்பதைக் கண்டார். கதிரியக்கம் கண்டறியப்பட்டதே ஒரு தட்டு எக்ஸ்போஷர் ஆனதால்தான். பின்னாளில் எக்ஸ்ரே அறைகளிலும் அணு உலைகளிலும் பணியாற்றியவர்கள் ஒரு துண்டு பிலிமைச் சட்டையில் குத்திக்கொண்டு வேலைபார்த்தார்கள். மாதக்கடைசியில் அதை டெவலப் செய்து, எவ்வளவு கருத்திருக்கிறது என்பதைக் கொண்டு அவர்கள் வாங்கிய கதிர்வீச்சைக் கணக்கிட்டார்கள்.

இங்கே சொற்களைப் பிரித்தறிவது அவசியம். கதிர்வீச்சுத் துறையில் எக்ஸ்போஷர் என்பது, கதிர்கள் ஓர் இடத்தின் காற்றில் எவ்வளவு மின்னூட்டத்தை உண்டாக்குகின்றன என்ற அளவு. இதற்கான ரான்ட்ஜன் என்ற அலகு 1928-இல் சர்வதேச அளவில் ஏற்கப்பட்டது. உடல் உண்மையில் உட்கவர்ந்த ஆற்றலுக்கு டோஸ் என்று பெயர். ஒரு கிலோகிராம் திசு ஒரு ஜூல் ஆற்றலை உட்கவர்ந்தால் அது ஒரு கிரே. கதிரின் வகையையும் அது பட்ட உறுப்பின் மென்மையையும் சேர்த்து எடைபோட்டுச் சொல்லும் அலகு சீவெர்ட். நடைமுறையில் அதன் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிசீவெர்ட்டே பயன்படுகிறது.

வாங்குவதன் பக்கம் ஏன் பார்க்கவேண்டும் என்பதற்கு இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு இல்லை. உடல் முழுவதும் குறுகிய நேரத்தில் சுமார் 4 கிரே வாங்கியவர்களில், சிகிச்சை கிடைக்காவிட்டால், ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்துவிடுவார்கள். அந்த 4 கிரே ஆற்றல் முழுவதும் வெறும் வெப்பமாக மாறினால் உடல் வெப்பம் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஏறும். ஆற்றலாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் அது உயிரணுக்களின் டிஎன்ஏ இழைகளில் விழுந்து அவற்றை அறுக்கிறது. உடல் அறுந்த இழைகளைத் தொடர்ந்து பழுதுபார்த்துக்கொண்டேதான் இருக்கிறது. பழுதுபார்க்கும் வேகத்தைச் சேதத்தின் வேகம் மிஞ்சும்போது உடலின் கொள்ளளவு மீறப்படுகிறது. அதனாலேயே புன்சன்–ராஸ்கோ விதி உயிருள்ள உடலுக்கு அப்படியே பொருந்துவதில்லை. புற்றுநோய்க் கதிர்சிகிச்சையில் ஒரு கட்டிக்கு மொத்தம் 60 கிரே கொடுக்கவேண்டியிருந்தால், நாளொன்றுக்கு 2 கிரே வீதம் பல வாரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது வழக்கமான முறைகளில் ஒன்று. சுற்றியுள்ள நல்ல திசுக்களுக்குப் பழுதுபார்க்க அவகாசம் வேண்டும் என்பதே காரணம்.

எக்ஸ்ரே கண்டறியப்பட்ட 1895-ஐ அடுத்த ஆண்டுகளில் இதெல்லாம் தெரியாது. கருவி சரியாக இயங்குகிறதா என்று தங்கள் கையையே குழாயின் முன் நீட்டிச் சோதித்தவர்கள் பலர். எடிசனின் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலிக்குக் கைகளில் ஆறாத புண்கள் தோன்றி, கைகளை வெட்டியெடுக்க நேர்ந்து, 1904-இல் அவர் இறந்தார். எடிசன் எக்ஸ்ரே ஆய்வையே கைவிட்டார். ஒவ்வொரு முறையும் பட்டது சிறிதளவுதான். உடலுக்கோ அது தினந்தோறும் வந்த வரவு.

இன்று பணியிடங்களில் ‘ஓவர்எக்ஸ்போஷர்’ என்று பதிவேட்டில் எழுதினால், அதன் பொருள் ஒருவர் காயப்பட்டார் என்பதாகாது. விதித்த வரம்பைத் தாண்டினார் என்பதே. சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையத்தின் பரிந்துரைப்படி, கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட், எந்தத் தனி ஆண்டிலும் 50-ஐத் தாண்டக்கூடாது. பொதுமக்களுக்கு, இயற்கையாகவும் மருத்துவத்தாலும் கிடைப்பது போக, ஆண்டுக்கு 1. உடனடிக் காயம் தெரியத் தொடங்கும் அளவுக்கு மிகக் கீழே இந்த வரம்புகள் வேண்டுமென்றே வைக்கப்பட்டுள்ளன. மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் இயற்கையாகவே ஒரு மனிதருக்கு உலகச் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிசீவெர்ட் கிடைக்கிறது. மார்பு எக்ஸ்ரே ஒன்று 0.1-க்கு மேல் போகாது. வயிற்றுப் பகுதியின் சிடி ஸ்கேன் 10-ஐ ஒட்டிய அளவு. அது அற்பமும் அன்று, காயப்படுத்தும் அளவும் அன்று, மருத்துவப் பயனோடு வைத்து எடைபோட வேண்டிய தொகை. நோயாளிகளுக்கு மேற்சொன்ன வரம்புகள் பொருந்துவதில்லை. அவர்கள் வாங்குவது அவர்களுடைய நன்மைக்காகவே என்பதால், ஒவ்வொரு ஸ்கேனும் தேவைதானா என்று மருத்துவர் தனித்தனியே முடிவுசெய்யவேண்டும்.

இன்னொரு பழைய அச்சத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கதிர்பட்டவர் கதிர்வீசுபவராகிவிடுவதில்லை. எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்தவரிடமிருந்து யாருக்கும் எதுவும் ஒட்டாது. கதிரியக்கத் தூசியோ திரவமோ உடலின் மீதோ உள்ளேயோ படிந்துவிடுவது வேறு நிகழ்வு. அதற்கு மாசுபடுதல் என்று பெயர், அதன் பாதுகாப்பு முறைகளும் வேறு. செய்திகளில் இவ்விரண்டையும் கலந்து எழுதுவதால் விளையும் பீதி கொஞ்சமன்று.

ஆக, எக்ஸ்போஷர் காற்றில் அளப்பது, டோஸ் உடலில் அளப்பது, ஓவர்எக்ஸ்போஷர் வரம்போடு ஒப்பிட்டுச் சொல்வது.

## வெயிலும் ஓசையும்

ஒரே கடற்கரையில் ஒரே நேரம் வெயில்காயும் இருவரில் ஒருவருக்குத் தோல் வெந்து உரியும், மற்றவருக்கு ஒன்றும் ஆகாது. தோலுக்கு நிறம் தரும் மெலனினின் அளவு வேறு, ஆகவே கொள்ளளவும் வேறு. தோல் மருத்துவத்தில் பயன்படும் ஃபிட்ஸ்பாட்ரிக் வகைப்பாடு, புறவூதாக் கதிருக்குத் தோல் எப்படி எதிர்வினையாற்றுகிறது என்பதைக் கொண்டு மனிதத் தோலை ஆறாகப் பிரிக்கிறது. இதில் ஏமாற்றக்கூடியது காலதாமதம்: சிவப்பு சில மணி நேரம் கழித்தே தோன்றி, ஏறக்குறைய ஒரு நாளில் உச்சத்தை எட்டும். ‘இன்னும் ஒன்றும் ஆகவில்லையே’ என்று வெயிலில் நிற்பவருக்கு அளவு ஏற்கெனவே மீறியிருக்கலாம். சுடும் வெப்பமும் தோலைப் புண்ணாக்கும் புறவூதாவும் வேறுவேறு என்பதால், குளிர்ந்த மலைமேலும் இது நடக்கும்.

ஓசையில் கணக்கு இன்னும் வெளிப்படையானது. அமெரிக்காவின் தேசியப் பணியிடப் பாதுகாப்பு மற்றும் உடல்நல நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு, 85 டெசிபல் ஓசையில் நாளுக்கு 8 மணி நேரம். ஓசை 3 டெசிபல் ஏறினால் அதன் ஆற்றல் இரட்டிப்பதால், அனுமதிக்கும் நேரம் பாதியாகும்: 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி, 94-இல் 1 மணி, 100-இல் 15 நிமிடம். கேமராவின் ஸ்டாப்பை நினைவுகூர்பவர்களுக்கு இது அதே ஏணி என்பது விளங்கும். உட்செவியின் நுண்மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. 255-இல் முட்டிய பிக்சலாவது அடுத்த படத்துக்குப் புதிதாகத் தொடங்கும்.

## புகழுக்கும் பணத்துக்கும் வரும்போது

நடிகரோ தலைவரோ விளம்பரமோ அளவுக்கதிகமாக மக்கள்முன் வந்து சலிப்பூட்டுவதையும் ஓவர்எக்ஸ்போஷர் என்கிறோம். இங்கே சொல் உருவகமாகிவிட்டது. ஆனாலும் உருவகம் வெறுமையானது என்று தள்ள முடியாது. அடிக்கடி பார்க்கும் ஒன்று, அதைப்பற்றி எதுவும் தெரியாவிட்டாலும், நமக்குப் பிடித்துப்போகிறது என்பதை உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968-இல் சோதனைகளால் காட்டினார். டேனியல் பெர்லைன் 1970-இல் அதன் மறுபக்கத்தைக் கண்டார்: எளிமையான ஒன்றைத் திரும்பத் திரும்பக் காட்டினால் விருப்பம் விரைவில் இறங்குகிறது, சிக்கலான ஒன்று அதைவிட நெடுநேரம் தாக்குப்பிடிக்கிறது. ஒரே முகபாவத்தோடு பத்து விளம்பரங்களில் வருபவர் சலிப்பதும், ஆண்டுக்குப் பல வேடங்களில் வந்தும் ஒருவர் சலிக்காததும் இதனால் இருக்கலாம். நிரம்பும் பொருள் இங்கே பார்வையாளரின் கவனம். அதன் கொள்ளளவை முன்கூட்டியே அளக்க மானி எதுவும் இல்லாததால், இத்துறையில் இச்சொல் பெரும்பாலும் காரியம் கெட்டபிறகு சொல்லும் விளக்கமாகவே இருக்கிறது.

வங்கியிலும் முதலீட்டிலும் எக்ஸ்போஷர் என்பது, எதிர்த்தரப்பு கைவிரித்தால் நாம் இழக்கக்கூடிய தொகை. இதில் நேரத்தைப் பெருக்கும் வேலை இல்லை என்பதால் கேமராவின் எக்ஸ்போஷரோடு இதை ஒப்பிடுவது பாதிவழிதான் போகும். ‘ஓவர்’ என்பதை எதனோடு ஒப்பிட்டு அளக்கிறார்கள் என்று பார்த்தால் மட்டும் ஒற்றுமை தெளிவாகிறது. வங்கிகளுக்கான சர்வதேச விதிகளை வகுக்கும் பாசல் குழு 2014-இல் வகுத்து 2019 தொடக்கம் நடைமுறைக்குக் குறித்த விதிப்படி, ஒரு வங்கி ஒரே தரப்பிடம் வைக்கும் எக்ஸ்போஷர் அந்த வங்கியின் முதல் அடுக்கு மூலதனத்தில், அதாவது இழப்பை முதலில் தாங்கும் சொந்த நிதியில், 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 10 விழுக்காட்டைத் தொட்டாலே அதைப் பெரிய எக்ஸ்போஷர் என்று மேற்பார்வையாளரிடம் தெரிவிக்கவேண்டும். கடன் வாங்கியவர் எவ்வளவு பெரியவர், கடன் எத்தனை கோடி என்பவை அந்த விகிதத்தின் அடியில் வருவதில்லை. அங்கே இருப்பது இழப்பைத் தாங்கவேண்டிய வங்கியின் சொந்த மூலதனம். ஒரே தொகைக் கடன் ஒரு பெரிய வங்கியின் ஏட்டில் சாதாரண வரியாகவும், சிறிய வங்கியின் ஏட்டில் விதிமீறலாகவும் நிற்பது அதனால்தான்.